வெயில் காய்ந்த கோடிச் சேலை

கோழி கிட்டே வந்தால் கம்பு தரையில் தட்டும். வெயில் ஏறியதும் மாயக்காள் பெரியம்மா முற்றத்தில் பாயை விரித்து, ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து, மடிப்பிலுள்ள வேப்பிலையை உதறிவிட்டுக் காயப்போடுவார். பிறகு கம்போடு பக்கத்திலேயே காவல். ஒருநாளும் உடுத்தாத சேலை அது. அவர் செத்தால் போர்த்துவதற்காகப் பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடி.

"எதுக்கு அத்தே இதப் போயி நடு முத்தத்துல?" என்று மருமகள் சுப்புத்தாய் முகம் சுளிப்பார்.

"அந்து அரிச்ச சேலையோட போனா மேல இருக்க ஒங்க மாமா சிரிக்க மாட்டாகளா?" என்பார் பெரியம்மா. வெளியூர் போனாலும் பெட்டி கூடவே போகும். போன இடத்தில் விழுந்துவிட்டால்?

வயது எழுபத்தெட்டு. பன்னிரண்டு வயதில் சுருளிப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் பெரியப்பா மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு பத்தொன்பது பேர் உண்ணும் குடும்பத்துக்கு அவர்தான் எல்லாம். அந்த வருஷமே எங்கள் முறைத் தண்ணீரை, பங்கிட்டுவிடும் மடைக்காரர் அடுத்த வயலுக்குத் திருப்பிவிட்டார். ஆண்பிள்ளைகள் நாங்கள், போய்ப் பேசிப் பார்ப்போமா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். பெரியம்மா போய் அந்த மடையில் தண்ணீரை மறித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மொறை முடியிற மட்டும் நாந்தேன் மடைப்பலகை. முடிஞ்சாத் தூக்கிப் போடு!"

யாரும் தூக்கவில்லை. எங்கள் வயல் நிறைந்தது.

அவரும் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஓடைப்பட்டியில் பிறந்த வீட்டில் மிச்சமிருந்தவர் தம்பி சீனிச்சாமி மட்டும். பிள்ளைகுட்டி இல்லை, மனைவியும் போய்விட்டார். தாயில்லாத அந்தத் தம்பியைத் தனக்குக் கல்யாணமாகும் வரை இடுப்பிலேயே சுமந்தவர் பெரியம்மா. "அவன் முந்திட்டா எனக்குக் கோடி போட ஆரு இருக்கா?" என்பார். பேரன் பேத்தி நிறைந்த வீட்டில் இதென்ன பேச்சு என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் எங்கள் வீட்டுத் துணி எத்தனை இருந்தாலும் அது பிறந்த வீட்டுக் கோடி ஆகாது.

துணிக்கும் ரேஷன் கார்டு வந்துவிட்ட காலம்; கடையில் போடும்போதுதான் கிடைக்கும். போன ஆனியில் சீனிச்சாமி மாமா எங்கெங்கோ அலைந்து வாங்கிய சேலையோடு வண்டியை விட்டு இறங்கினார்.

"எனக்கு எளைப்பு கூடிப்போச்சுக்கா. ஒனக்கு முந்திருவேன். இத வச்சுக்க."

"ஏலே, உசுரோட இருக்கவளுக்கா கோடி கொண்டாந்த?"

சேலை முற்றத்தில் போய் விழுந்தது. மாமா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெரியம்மாவே வந்து வாங்கிக்கொண்டு, "சாப்பிட வா" என்றார்.

தை மாதம் சாவுச் செய்தி வந்தது. பெரியம்மாவும் சுப்புத்தாயும் நானும் வண்டி கட்டிப் போனோம். மாமாவின் மேல் ஒரு பழைய வேட்டிதான் கிடந்தது.

"புதுத்துணி எங்கன?" என்று கேட்டார் பெரியம்மா.

"கடையில இல்ல ஆத்தா. வர்ற மாசந்தேன் போடுவாகளாம்" என்றார் பக்கத்து வீட்டு வீரணன்.

பெரியம்மா ஓலைப்பெட்டியைத் திறந்தார். சுப்புத்தாய் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தே, இதையும் குடுத்துட்டா ஒங்களுக்கு ஆரு இருக்கா?"

"இவனுக்கு மட்டும் ஆரு இருக்கா?"

வெள்ளைச் சேலையைக் கழுத்துவரை போர்த்தி, குளிருக்குத் தூங்குகிற பிள்ளைக்குச் செய்வதுபோல் காலடியில் செருகிவிட்டார். அவர் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை; வெளியே போய் மாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஊர் திரும்பி எட்டு நாள் ஆகிறது. வேறு சேலை வேண்டுமானால் எப்பாடுபட்டாவது வாங்கித் தந்துவிடுவோம். கோடிக்கு எங்கே போவோம்?

இன்றும் வெயில் ஏறியதும் பெரியம்மா பாயை விரித்தார். காலிப் பெட்டியை அதன்மேல் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோழி ஒன்று கிட்டே வந்தது. கம்பைத் தட்டினார்.