சுவருக்குள் ஏறும் ஆறு

பப்பிரேத்தோ ஆற்றைத் தேடி இத்தாலியின் பலெர்மோ நகரில் நடக்கிறேன். நூற்றாண்டுகளுக்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். தெருக்களுக்கு அடியில்தான் இப்போது கடலுக்குப் போகிறது. கையிலிருக்கும் பழைய வரைபடத்தில் ஆறு வளையும் இடம், இன்று வுச்சீரியா சந்தைப் பகுதியில் ஒரு சந்து. அங்கே ஒரு தமிழ்ப் பெண் ஈர மெத்தையை வாசலில் இரண்டு நாற்காலிகள் மேல் காயப்போடுகிறார். உள்ளே இடுப்பளவுக்குச் சுவர் கறுத்து, சுண்ணாம்பு உப்பி உதிர்கிறது.

"நான் உடுப்புத் தோய்க்கிறதாலதான் சுவர் ஊறுதாம் தம்பி. மாச முடிவில வீட்டை விட்டு எழும்பட்டாம் வீட்டுக்காரர். விலாசம் இல்லாட்டி பெர்மெஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க ஏலாது. பிறகு இந்த நாட்டிலயே இருக்கேலாது."

"அக்கா, இது உங்கள் தண்ணீர் இல்லை. வீட்டுக்குக் கீழே ஆறு ஓடுது." வரைபடத்தை விரித்துக் காட்டுகிறேன்.

"மெய்யாவோ? அந்தா அவரே வாறார். படிச்ச பிள்ளை சொன்னாலாவது கேக்கட்டும்."

அக்கா வரைபடத்தை வாங்கி வீட்டுக்காரரின் முன் நீட்டி, இத்தாலியத்தில் படபடவென்று பேசுகிறார். வீட்டுக்காரர் விரலால் ஆற்றின் கோட்டைக் கடல்வரை தடவிப் பார்க்கிறார். சிரிக்கிறார். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டிப் போய்விடுகிறார்.

"என்ன சொன்னார் அக்கா?"

"ஆறெண்டு அவருக்குச் சின்ன வயசிலயே தெரியுமாம்." ஈர மெத்தையைப் புரட்டிப் போடுகிறார். "அடுத்த மாசம் வேறொரு தமிழ்க் குடும்பம் வருதாம். அவையளிட்டை இதைக் கதைக்க வேண்டாமாம்."