என் முழங்காலில் எல்லோரும் ஆடினார்கள்

முதலில் மடங்க மறுத்தது தொழுகையில். நெற்றி தரையில் படக் குனிந்தபோது இடது முழங்காலுக்குள், கதவிடுக்கில் துணி மாட்டுவது போல ஏதோ மாட்டிக்கொண்டது. கையை ஊன்றித்தான் எழுந்தேன். சில நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தேன். எனக்கு வயது முப்பத்தேழு. என் மாமியார் இன்றும் தரையில்தான் தொழுகிறார்.

நான் கூடைப்பந்து ஆடியவள். கல்லூரி அணி, மாநில அணி, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் எர்ணாகுளத்தில் ஓர் அலுவலக வேலை, அந்த அலுவலக அணிக்குக் கேப்டன். என் கணவர் நிசார் மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறார். பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். கடைக்கு மூட்டை தூக்க வரும் சுமட்டுக்காரர்கள் அவரைச் ‘சாம்பியன்டெ ஆளு’ (சாம்பியனின் வீட்டுக்காரர்) என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு.

முழங்கால் வலியோடு இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் உத்தேசம் இல்லை. எனக்கே தேவைக்கு மேல் கிடைத்தது. அதன் தரம் தெரியும்.

ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார் எலும்பு மருத்துவர் லதா. குருத்தெலும்பு (எலும்பு முனைகள் உரசாமல் காக்கும் வழுவழுப்பான உறை) பல இடங்களில் தேய்ந்து எலும்பே தெரிந்தது. மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவ மெத்தை) கிழிந்திருந்தது. டாக்டர் மலையாளி. எனக்காகத் தமிழ் கலந்து பேசுவார்.

“களி, இந்த விளையாட்டு, நிறுத்தணும்.”

“எவ்வளவு நாளைக்கு டாக்டர்?”

“எப்போழும். நடக்கலாம், நீந்தலாம். சாட்டம், குதிக்கிறது, மட்டும் வேண்டா.”

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓர் ஆட்டக்காரி எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஒருவர், நான் இரண்டு வருடம் முன்பே போயிருக்க வேண்டும் என்று எழுதினார். இன்னொருவர், அனுபவத்துக்கு மாற்று கிடையாது என்று எழுதினார். இருவரும் என்னிடம் பேசியதில்லை. பேசியிருந்தாலும் முழங்காலைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அணியின் மேலாளர் தாமஸ் சார் வீட்டுக்கே வந்தார். மாடிப்படி ஏறிய களைப்பில் வெகுநேரம் மூச்சு வாங்கினார். சாயா குடித்து முடித்தபின் பேச்சு வந்தது.

“ஒற்றை டூர்ணமென்ட், ஷாஹினா. கப்பெடுத்திட்டு ரிட்டயர் செய்யலாம். ஸ்டார் ஸ்டாராயிட்டுப் போகணும்.”

“டாக்டர் ஆடவே கூடாதுன்னுட்டாங்க சார்.”

“டாக்டர்மார் அங்ஙனெயே பறயூ. நமக்கு வேற ஆள் உண்டு.”

நிசார் என்னைப் பார்த்த பார்வையில், கோப்பையோடு நான் பஜாருக்குள் நடந்து வருவது ஏற்கெனவே தெரிந்தது. “உன்னால முடியும் ஷாஹி. நீ போராளி,” என்றார். அரிசி மூட்டையைக்கூட அவர் தூக்கிப் பார்த்ததில்லை. அடுத்தவர் மூட்டில் போராட அவருக்குத் தயக்கம் இல்லை.

எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைக்கவில்லை.

அந்த ‘வேற ஆள்’ ஒரு சிறிய கிளினிக்கில் இருந்தார். படத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைத் துடைத்த அவசரத்தைப் பார்த்தபோதே எழுந்து வந்திருக்கலாம். ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தையும் வலியையும் தற்காலிகமாக அடக்கும் மருந்து) நேராக மூட்டுக்குள் போனது. வலி போய்விட்டது. தேய்மானம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

கோப்பை கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் நான் எகிறிய உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். ஊசி போட்ட கால் எவ்வளவு வேண்டுமானாலும் எகிறும். அதற்கு ஒன்றும் தெரியாது.

ஊர் திரும்பிய மறுநாள் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தது. முழங்கால் பலாப்பிஞ்சு போல வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே அலற வைத்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் லதா டாக்டர் ஓடி வந்தார். ஊசியால் நீரை உறிஞ்சினார். மூட்டு நீர் எண்ணெய் போலத் தெளிவாக இருக்க வேண்டும். வந்தது மஞ்சளாக, கலங்கி இருந்தது.

“இதில் யாராவது ஊசி வச்சோ?”

நிசார் என் தலைமாட்டில் நின்றார். சற்று முன்தான் வெளியே போய்த் தாமஸ் சாரோடு போனில் பேசிவிட்டு வந்திருந்தார்.

“இல்லையே டாக்டர். ஊசியெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றார்.

காய்ச்சலில் மின்விசிறி இரண்டாகத் தெரிந்தது எனக்கு. ஆனால் அந்தக் குரல் ஒன்றாகத்தான் கேட்டது. கடையில் பழைய அரிசியைப் புதுசு என்று விற்கும் அதே குரல்.

“போட்டாங்க டாக்டர். போன வாரம். மூட்டுக்குள்ளயே,” என்றேன்.

டாக்டர் அவரை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. “நீங்கள் வெளியில் நில்க்கூ,” என்று மட்டும் சொன்னார்.

செப்டிக் ஆர்த்ரைட்டிஸ் (மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது). சிறு துளைகள் வழியாக மூட்டைக் கழுவினார்கள். மறுபடியும் ஒருமுறை கழுவ வேண்டி வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து, ஊசி விஷயம் தெரியாமல் போயிருந்தால் சிகிச்சை தாமதமாகியிருக்கும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். நிசார் அறைக்குள் வந்து அழுதார். வெளியே போய் அழுதுவிட்டு வரச் சொன்னேன்.

“ஊசி விஷயம் வெளிய வந்தா வழக்காகும்னு தாமஸ் சார் சொன்னாரு ஷாஹி. உன் பேரு கெட்டுப்போகும்னு...”

“கால் போயிருந்தா பேரை எங்க மாட்டிக்கிறது?”



பார்வையாளர்கள் வந்தார்கள். அணிக் கமிட்டிக்காரர்கள் மூவர் எனக்கு வாங்கிவந்த ஆரஞ்சை உரித்துத் தின்றபடி என் கட்டிலைச் சுற்றி நின்று விவாதித்தார்கள். போன வருடமே நிறுத்தியிருந்தால் மரியாதை என்றார் ஒருவர். இல்லை, இப்போது கோப்பையோடு நிறுத்துவதுதான் சரி என்றார் இன்னொருவர். மூன்றாமவர், தேறி வந்து அடுத்த வருடம் ஆடினால் அதுவல்லவா சரித்திரம் என்றார். சீழ் வடியும் குழாய் அவர் முழங்கைக்கு அருகே தொங்கிக்கொண்டிருந்தது. தாமஸ் சார் வரவில்லை. பூங்கொத்து அனுப்பினார். அதை நர்ஸ் மேசையில் வைக்கச் சொன்னேன்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு என் பதில் சிறியது. வலியை மறைக்கும் ஊசி இல்லாமல் ஆட முடியாது என்று ஆகும் நாளில் உங்கள் ஆட்டம் முடிந்துவிட்டது. அதன் பிறகு நடப்பது மற்றவர்களின் ஆட்டம். பந்து மட்டும் உங்கள் முழங்கால்.

கிருமி போனபின் மூட்டு இறுகிப்போனது. இயன்முறை சிகிச்சையில் (பயிற்சியால் மூட்டை மீண்டும் இயக்குவது) காலை மடக்கியபோது நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. வீட்டில் அந்தப் பயிற்சியைக் கொடுக்க நிசார் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் கடை திறக்கும் முன் என் குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்குவார். நான் திட்டுவேன். மடக்கிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மட்டும், “லதா டாக்டர்கிட்ட அன்னைக்கு நான் சொன்னது...” என்று தொடங்கினார்.

“மடக்குங்க,” என்றேன்.

மன்னித்துவிட்டேனா என்று அவர் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. கை மட்டும் நன்றாகப் பழகிவிட்டது அவருக்கு.

பாராட்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. மேடையில் சக்கர நாற்காலியில் வந்து ஓய்வை அறிவிக்க வேண்டுமாம். ஜனங்கள் கண் கலங்குவார்களாம். அதற்குள் ஊன்றுகோலே இல்லாமல் நடந்துகொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். “அது சாரமில்லா, அன்னைக்கு மட்டும் நாற்காலியில இருந்நா மதி, அது போதும்,” என்றார் போனில் தாமஸ் சார். கிளினிக்காரர் பெயரோடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிவிட்டதாகவும், அதில் தாமஸ் சார் பெயரும் இருப்பதாகவும் சொன்னேன். விழா ரத்தானது.

இப்போது வேலைக்குப் போய்வருகிறேன். முழங்கால் செங்கோணத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் மடங்கும். அதற்கு மேல் மடங்காது. சில வருடங்களில் செயற்கை மூட்டு வைக்க வேண்டியிருக்கும். காலையில் எனக்குப் பிறகுதான் இந்த முழங்கால் விழிக்கிறது. அது எழுந்து வரும்வரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். களத்தில் விநாடிக்கு விநாடி ஓடிக் கழிந்த ஒரு வாழ்க்கையில், இப்படிக் காத்திருக்கும் நேரம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

சென்ற வாரம் தோப்பும்படி பாலத்தில் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, “ஆன்டி, இவிடெ இருந்நோளூ,” என்று இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். இடது காலை இருக்கைகளுக்கு நடுவே இருந்த வழியில் நீட்டினேன். டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர் அதன் முன்னால் நின்றார்.

“சேச்சீ, காலொந்நு மடக்காமோ?”

“மடங்காது சேட்டா. தாண்டிப் போங்க.”

 அவர் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கவனமாகத் தாண்டிப் போனார். முன்னால் வண்டிகள் அசையவில்லை. கீழே காயல் தண்ணீர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.