நடவை நிறுத்திய புதன்கிழமை

2024 அக்டோபர் 9, புதன்கிழமை, காலை ஆறு பத்து. தூறல் விட்டிருந்தது, மேகம் கலையவில்லை. என் மூன்று மா நிலத்தில், ஏறக்குறைய ஒரு ஏக்கரில், சம்பா நடவுக்குப் பதினான்கு பெண்கள் இறங்கியிருந்தார்கள். நாற்றுக்கு வயது முப்பத்திரண்டு நாள்; இனியும் முற்றினால் தூர் கட்டிக் கிளைக்காது. வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. இந்த இரண்டு கவலையில் நான்கு நாட்களாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் கிராமச் செவிலியர் வரப்போரம் ஸ்கூட்டியை நிறுத்தினார். பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து பெண் டாக்டர் வருகிறாராம், அன்று ஒரு நாள் மட்டும். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. இதற்கு முன் இரண்டு முறை கூப்பிட்டும் இந்த நடவுக் குழுவிலிருந்து ஒருத்திகூடப் போகவில்லை. காரணம் குழுத் தலைவி. ஐம்பத்திரண்டு வயது. அவள் போனால்தான் மற்றவர்கள் போவார்கள்.

அவள் நிமிரவே இல்லை. நாற்றை ஊன்றிக்கொண்டே சொன்னாள்:

"கடைய மூடி ரெண்டு வருஷமாச்சு நர்சம்மா. இப்ப எதுக்கு இன்ஸ்பெக்டரு?"

வயலே சிரித்தது. செவிலியர் சிரிக்கவில்லை.

"மூடுன கடையிலதாம்மா எலி வளரும். தொந்தரவு ஒண்ணும் தெரியாதப்பவே பாத்துரணும்."

"சாரு நாத்து என்னாவுறது?" என்று அவள் என்னைக் கைகாட்டினாள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் ஊரில் நான் சார்.

அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

என் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதே இடத்தில் வந்த புற்றுநோய். முப்பத்தெட்டு வருட இல்வாழ்க்கையில் பம்ப் செட்டை வருடம் தவறாமல் பழுது பார்த்தேன். என் சர்க்கரையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதித்தேன். கடைசியாக எப்போது இவருக்குப் பரிசோதனை செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது என்னிடம் இருந்த எண்ணிக்கை பூஜ்யம். அதை இந்தப் புதன்கிழமை வரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

வரப்பில் நின்றே சொன்னேன்:

"எம் பொண்டாட்டிய நான் ஒரு தடவகூட கூட்டிட்டுப் போவல. அவ போய்ச் சேந்துட்டா. எல்லாரும் கரையேறுங்க. இன்னிக்குக் கூலி உண்டு."

தலைவி அப்போதுதான் நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்தாள். சேற்றுக்காலோடு டாக்டர் முன்னால் எப்படிப் படுப்பது, வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்ற வேண்டும் என்றாள். அதற்கு நாற்பது நிமிடம் போயிற்று. வேன் பிடித்தேன். பதினான்கு பேர் ஏறினார்கள். இரண்டு முறை எண்ணினேன்.

மறுநாள் வாய்க்கால் வற்றிவிட்டது. டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்து நடவை முடித்தோம்.

பத்து நாளில் முடிவு வந்தது. பதின்மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. பதினான்காவது சீட்டு தலைவியுடையது. கர்ப்பப்பை வாயில் சின்ன மாற்றம். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகலாம் என்றார்கள். அவளுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை, மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம்கூடப் பட்டதில்லை. தஞ்சாவூரில் இன்னொரு சோதனை செய்து, பிறகு ஒரே காலையில் அந்த இடத்துக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். பகல் இரண்டு மணிப் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டாள்.

ஒரு வருடம் கழித்து மறு பரிசோதனை. காகிதத்தோடு நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"சுத்தமா ஒண்ணுமில்லையாம் சார். நான் பொழச்சுட்டேன்."

அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தேன். இனி டாக்டர் சொல்லும் தவணை ஒன்றைக்கூட விடமாட்டேன் என்றாள்.

அடுத்த முகாமுக்குச் செவிலியர் எங்கள் தெருப்பக்கம் வரவே வேண்டியிருக்கவில்லை. தலைவியே மூன்று குழுக்களைத் திரட்டிவிட்டாள். வெட்கப்பட்டவர்களிடம் என்ன சொன்னாளோ, சிரித்துக்கொண்டே வந்தார்கள். சுகாதார நிலைய வாசலில் நின்று எண்ணினேன். முப்பத்தொரு பேர். வாழ்நாளில் எத்தனையோ மூட்டைகளை எண்ணியிருக்கிறேன். எந்த அறுவடையும் இந்த அளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

அந்தப் புதன்கிழமையில் எனக்கு ஆன செலவு: வேலை நடக்காத நாளுக்குக் கூலி நாலாயிரத்துத் தொள்ளாயிரம், வேன் எண்ணூறு, இட்லியும் டீயும் நானூற்று இருபது, மறுநாள் டீசல் தொள்ளாயிரத்து முப்பது. மொத்தம் ஏழாயிரத்து ஐம்பது ரூபாய்.