வக்கீலின் உறக்கமும் தொண்ணூறாம் நம்பர் எண்ணெயும்

காலை மணி நாலு ஐம்பத்திரண்டு. திண்டுக்கல் ரயில் நிலைய வாசலில் நான் முதலில் பார்த்தது, ஓடிக்கொண்டிருந்த கார் எஞ்சின்மேல் நீளமான திருப்புளி ஒன்றை ஊன்றி, அதன் மரக் கைப்பிடியில் காதை வைத்துக் குனிந்திருந்த மனிதரை. டாக்டர் நோயாளியின் நெஞ்சைச் சோதிப்பது போல என்று எழுதலாம். ஆனால் இந்த நோயாளியின் நெஞ்சுத் துடிப்பு இரண்டாவது பிளாட்பாரம் வரை கேட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. நான் ஒரு நாளிதழின் திண்டுக்கல் நிருபர். ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டுகளைச் செம்பட்டிக்கு எடுத்துப் போவது அந்தக் கார். திருப்புளிக்காரர் அதன் சொந்தக்காரர், டிரைவர், கிளீனர் எல்லாம். வாரத்தில் மூன்று நாள் நானும் அதில் செம்பட்டி போவேன். செய்தி திரட்டப் போவதாக அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். அங்கே டீ நன்றாக இருக்கும்.

சத்தம் டேப்பட் சத்தம். வால்வுகளைத் தட்டித் திறக்கும் உறுப்புகள் தேய்ந்து, நடுவில் இருக்கவேண்டிய மயிரிழைச் சந்து அகன்றுவிட்டால் வருவது. தட்டச்சுப் பயிலகத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பரீட்சைக்குப் பழகுவது மாதிரி இருக்கும். செம்பட்டியில் அதைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. பத்திரிகையை அங்கே விற்றவர் டீக்கடைக்காரர். தொலைவில் அந்தத் தட்டல் கேட்டதும் அவர் கட்டு இறக்கப் பலகையைத் துடைப்பார். வாசகர்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவார்கள்.

குறை சொன்னவர் வக்கீல். ரயில் நிலையத்திலிருந்து செம்பட்டி ரோட்டில் ஐந்தாவது நிமிடம் அவர் பங்களா. கேட்டில் கார் நின்று பத்திரிகை போட்டுவிட்டுப் போகவேண்டும். எங்கள் பத்திரிகையின் ஆண்டு விழாவில் ஊர் ஏஜெண்டுக்கு மாலை போட்டு, நாட்டைத் தட்டி எழுப்புவது பத்திரிகையின் கடமை என்று பேசியவர் அவர்தான். தம்மையும் அந்த நாட்டில் சேர்ப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஊர் ஏஜெண்ட் அன்று காலை நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"வக்கீலய்யா வீட்டுல சொல்லி விட்டிருக்காக. வர்ற திங்கக்கெழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லைன்னா பேப்பர்க் கட்டை ஆறு மணி பஸ்ல ஏத்திப்புடுவேன்."

"பஸ்ஸுல போனா செம்பட்டிக்காரன் எப்பப் படிப்பான் மொதலாளி?"

"செம்பட்டிக்காரன் என்னைக்கு எனக்கு மாலை போட்டான்?"

டிரைவருக்கு அது விளையாட்டில்லை. மற்ற சவாரிகள் முகூர்த்தம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தினமும் நிச்சயமாக ஓடியது காலைக் கட்டு ஒன்றுதான். அது போனால் காரை வைத்துக்கொள்ள முடியாது. விட்டுவந்த லாரி வேலைக்கே நாற்பத்தேழு வயதில் திரும்பவேண்டும்.

பேகம்பூரில் ஒரு பாய் மெக்கானிக் இருந்தார். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அரை நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார்.

"அரை நாள் வண்டியை விடு மாப்ளே. வால்வுச் சந்தை அளந்து வச்சு, முப்பதாம் நம்பர் ஆயில் ஊத்தித் தாரேன். முக்காவாசி சத்தம் போயிரும்."

"மிச்சம் காவாசி?"

"அது இருக்கணும். சந்தே இல்லாம இறுக்கினா வால்வு எரிஞ்சு போகும். கொஞ்சம் பேசட்டும் விடு. உன் வீட்டுல பேசலையா?"

"வக்கீலுக்குக் காவாசியும் ஆகாது பாய்."

"அப்ப வக்கீல் காதுல ஊத்து."

டிரைவர் வண்டியை விடவில்லை. அவருடைய அப்பா தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் மூட்டை கொண்டுவந்தவர். அந்தக் குடும்பத்துக்கு எந்திர சாஸ்திரம் ஒரே வரிதான்: அச்சு கத்தினால் எண்ணெய் கேட்கிறது. கத்துகிற இடத்தில் எண்ணெய் விட்டால் வாயை மூடும். இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் பத்திரிகையும் தன் பங்கைச் செலுத்தியது. கெட்டியான எஞ்சின் எண்ணெய் ஒன்றுக்கு எங்கள் மூன்றாம் பக்கத்தில் இரண்டு பத்தி விளம்பரம் வந்துகொண்டிருந்தது. அதை நான் டிரைவருக்கு வாசித்துக் காட்டினேன். கெட்டி எண்ணெய் உலோகங்களுக்கு நடுவே மெத்தை போல் நின்று தட்டலை அமுக்கும் என்று விளக்கமும் சொன்னேன். ஒரு விபத்துச் செய்தியை மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு எழுதுகிறவன், விளம்பரத்தை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

முப்பதைவிடக் கெட்டியான நாற்பதாம் நம்பர் ஊற்றினார். சத்தம் கொஞ்சம் இறங்கியது. உற்சாகமாகி, கியர் பெட்டிக்கு ஊற்றும் தொண்ணூறாம் நம்பர் எண்ணெயை அதோடு கலந்தார். வெல்லப்பாகு போல் இறங்கியது. திங்கட்கிழமை வந்தது. எஞ்சின் முனகி முனகிக் கிளம்பியது. அதன் பிறகு எழுந்த சத்தத்தைக் கேட்டு ரிக்‌ஷாக்காரர் ஒருவர் ரிக்‌ஷாவைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

காரணம் அன்று சாயங்காலம் பாய் சொல்லித்தான் தெரிந்தது. கெட்டி எண்ணெய் மெத்தைதான். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அது அடியிலிருந்து மேலே ஏறி வால்வுகளுக்குப் போய்ச் சேர ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதுவரை மேலே எல்லாம் வறட்டுத் தட்டல். வக்கீல் வீடு ஐந்தாவது நிமிடம். அவர் கேட்டில் கார் தன் முழுத் திறமையையும் காட்டிவிட்டு, ஊர் எல்லை தாண்டியதும் அடங்கியது. வழி நெடுக வயல்களும் தென்னைகளும் நிம்மதியாக உறங்கின.

செம்பட்டிக்குள் சத்தமில்லாமல் நுழைந்தோம். பலகை துடைக்கப்படவில்லை. ரோட்டில் ஒருவரும் இல்லை. டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னண்ணே, களவாங்க வந்த மாதிரி வந்து நிக்கிறீக?"

"காரைச் சரி பண்ணியாச்சுப்பா."

"சரி பண்ணீட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் ஹாரன் அடித்து வாசகர்களை வரவழைத்தார். சத்தத்தை ஒழிக்க ஒரு வாரம் பாடுபட்டவர் செம்பட்டி முக்கில் சற்று நேரம் விடாமல் ஹாரன் அடித்ததை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். செய்தியாக அனுப்பவில்லை.

ஏஜெண்ட் இன்னும் மூன்று நாள் தவணை கொடுத்தார். பாயிடமே வண்டியை விடலாம் என்றேன்.

"அரை நாள் நிறுத்தினா மறுநாள் காலையில கார் வரும்னு அவரு எழுதித் தருவாரா தம்பி? எண்ணெய் மேல ஏறத்தானே நேரமாகுது. நாமளே மேல ஊத்திட்டா?"

அந்தக் காரில் எண்ணெய் ஊற்றும் மூடி வால்வுகளுக்கு நேர் மேலே இருந்தது. வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது விளக்கெண்ணெய். அப்பா வண்டி அச்சுக்குப் போட்டது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு மூடியைத் திறந்து, குழம்புக் கரண்டியால் இரண்டு கரண்டி ஊற்றினார். சாமிக்கு அபிஷேகம் செய்கிறவரின் முகபாவம் இருந்தது.

எஞ்சின் பூனைபோல் ஓடியது. வக்கீல் வீட்டுக் கேட்டில் கூர்க்கா மட்டும் விழித்திருந்தார்.

"அய்யா நேத்து எட்டு மணி வரைக்கும் எந்திரிக்கலையாம்" என்றார் ஏஜெண்ட் மறுநாள். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியைப் பத்திரிகை விற்பனை உயர்ந்தபோதும் நான் பார்த்ததில்லை.

தினமும் இரண்டு கரண்டி. மூன்றாவது வாரம், செம்பட்டிக்கு இரண்டு மைல் முன்னால், பானெட்டுக்குள் ஏதோ ஒன்று படீரென்று முறிந்தது. அதன் பிறகு பூரண அமைதி. விளம்பரத்தில் சொன்ன அதே அமைதி.

கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போன ஒரு மாட்டுவண்டியில் கட்டுகளை ஏற்றினோம். அதன் அச்சு கத்திக்கொண்டே போனது. டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

காரை இழுத்துவந்து பாய் மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் பழுப்பாக, கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி ஒட்டியிருந்தது. விளக்கெண்ணெய் மற்ற எண்ணெயோடு சேராது; சூட்டில் பிசினாகும். பிசின், எண்ணெய் வரும் துவாரங்களை அடைத்து, வால்வைத் தட்டித் திறக்கும் தட்டுக்கோல் ஒன்றை இறுகப் பிடித்து, அதைக் கீழிருந்து தள்ளிய கம்பியை வளைத்து முறித்துவிட்டது.

"அடியில எண்ணெய் தளும்புது மாப்ளே. இங்க ஒரு சொட்டு வரலை."

டிரைவர் தட்டுக்கோலை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"எம்புட்டு நாளாகும் பாய்?"

"சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும். ஒரு மாசம்."

"அன்னைக்கே அரை நாள் விட்டிருக்கலாம்."

குத்திக்காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் பாய்க்குக் கிடைத்திருக்காது. கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு டீ சொல்லி அனுப்பினார். நான் விளம்பரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. டிரைவரும் அதை எனக்கு நினைவூட்டவில்லை.

ஏஜெண்டால் ஒரு மாதம் காத்திருக்க முடியாது. டிரைவர் அந்த மாதமே ஒரு புகையிலை லாரியில் வேலைக்கு ஏறினார். விளம்பரம் பொங்கல் வரைக்கும் மூன்றாம் பக்கத்தில் வந்தது.

கட்டுகள் ஆறு மணி பஸ்ஸில் போயின. செம்பட்டி ரோட்டில் அதன் முதல் நிறுத்தம் வக்கீல் வீட்டுக் கேட்டுக்கு எதிரில். கண்டக்டர் அங்கே நிறுத்த ஒரு விசிலும் கிளம்ப இரண்டு விசிலும் ஊதுவார்.