ஆறு பாட்டுக்கும் நானே வக்கீல்

என் வீட்டுக்காரரின் ஆல்பம் 'பரவாயில்லை' என்று சொன்ன ஒருவருக்கு நான் ஜெராக்ஸ் எடுத்துத் தர மறுத்திருக்கிறேன். பாவம் அந்த மனுஷன், ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். "ஏம்மா, நல்லா இல்லன்னா சொன்னேன்? பரவால்லன்னுதானே சொன்னேன்" என்றார். "பரவால்லன்னு சொல்றதுக்கு வாய மூடிக்கிட்டு இருக்கலாம். வேற கடை பாருங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் வேறு ஜெராக்ஸ் கடை கிடையாது. வேண்டுமென்றால் கீழ்வேளூருக்குத்தான் பஸ் ஏறிப் போகவேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே என் அம்மா அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டார். "எங்க பையன் பேசவே மாட்டான், சரியாப் போச்சு" என்று அவர்கள் பக்கம் சிரித்தார்கள். உண்மைதான். அவர் பேசமாட்டார், பாடுவார். அப்போது உரக்கடையில் வேலை. மாசி, பங்குனியில் ஒரு மெல்லிசைக் குழுவோடு கோயில் கோயிலாகப் போய்ப் பாடுவார். நல்ல திறந்த தொண்டை. பைக்கில் என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பாடிக்கொண்டே போனால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தஞ்சாவூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான்தான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். தேர்வானார். ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினார். அந்த மாதங்களில் என் கடை கடையாகவா இருந்தது? சிட்டா எடுக்க வந்தவர், அடங்கல் நகல் எடுக்க வந்தவர், எல்லோரும் போனை என் கையில் கொடுத்து, "நம்ம தம்பிக்கு ஒரு வோட்டு போட்டுக் குடும்மா" என்பார்கள். என் கட்டைவிரல் வீங்காத குறை. கூத்தாநல்லூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், சவுதியில் இருக்கும் தன் மூன்று மகன்களுக்கும் போன் போட்டு, போடச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்து சொன்னார். இரண்டாம் பரிசோடு என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது கடைத்தெரு முழுக்க ஃபிளெக்ஸ். எனக்குத் தலைகால் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன்.

பரிசோடு பரிசாக ஓர் ஆல்பம். ஆறு பாட்டு. சென்னைக்கு வரவழைத்து, மூன்று வாரம் தங்கவைத்துப் பதிவு செய்தார்கள். தை மாதம் வெளிவந்தது.

ஊரில் கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டி வெளியீட்டு விழா வைத்தோம். முதல் பாட்டு ஓடியது. எனக்கு முதலில் புரியவில்லை, யாரோ வேறு ஆள் பாடுகிறார் என்று நினைத்தேன். சளி பிடித்தவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல். காபி ஷாப்பில் காதலி, கடற்கரையில் மழை, நடுநடுவே இங்கிலீஷ். இரண்டாவது பாட்டும் அப்படியே. மூன்றாவது பாட்டில் முன்வரிசையில் இருந்தவர் சாப்பாட்டுக் கூடம் திறந்தாச்சா என்று திரும்பிப் பார்த்தார். ஆறும் முடிந்ததும் கைதட்டினார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் மரியாதைக்காரர்கள். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் 'சாப்பாடு பிரமாதம்' என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: "கேக்கக் கேக்கத்தான் புடிக்கும்."

எல்லோரும் போனபிறகு அவர் என்னிடம் கேட்டார், "எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? ஊரே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடும் நாளில், கட்டிய பெண்டாட்டியே நொட்டை சொல்லவா? அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் அந்த ஆறு பாட்டுக்கும் வக்கீல் ஆனேன். டீக்கடைக்காரரிடம் சண்டை, எங்க ஆளு பாட்ட ஏன் போடல என்று. ஆட்டோக்காரரிடம் சண்டை, போட்ட பாட்டை ஏன் பாதியில் மாற்றினார் என்று. ரேஷன் கார்டுக்காரர் கதைதான் முதலிலேயே சொன்னேனே. 'கேக்கக் கேக்கத்தான் புடிக்கும், நல்லாக் கேளுங்க' என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன். ராத்திரி பகல் பாராமல் நானும் கேட்டேன். பிடிக்கவில்லை. என்னிடம்தான் கோளாறு என்று இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.

இதற்குள் ஒன்று நடந்தது. அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தினேன் என்று சொல்லவில்லை. பாட்டு நின்றுபோயிருந்தது. குளிக்கும்போது பாட்டில்லை, பைக்கில் பாட்டில்லை. மெல்லிசைக் குழுவிலிருந்து பங்குனித் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். "தொண்டை சரியில்லண்ணே" என்றார். சித்திரையிலும் சரியில்லை. வைகாசியிலும் சரியில்லை. உரக்கடைக்கும் திரும்பிப் போகாமல், என் மாமனாரின் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம், நிலத்தில் இறங்கி வேலை பார்க்க ஆரம்பித்தார். நான் நாகப்பட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தொண்டை டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தொண்டையில ஒரு குறையும் இல்லம்மா" என்றார். வெளியே வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. தொண்டையில் கோளாறு என்றால் மாத்திரை இருக்கிறது. இதற்கு நான் எங்கே போவேன்? இந்த மனுஷன் இனிமேல் பாடவே மாட்டாரோ என்று பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

பயம் வந்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வரும். ஆனியில் என் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ரேடியோ செட்காரரிடம் போய் ஆல்பத்தைக் கொடுத்து, "இதத்தான் போடணும்" என்று நின்றேன். இரண்டு பாட்டு ஓடியது. பந்தலில் யாரோ, "வேற நல்ல பாட்டாப் போடுப்பா" என்று குரல் கொடுத்தார்கள். விடுவேனா? "யாருய்யா அது? எழுந்து முகத்தக் காட்டிப் பேசு!" என்று செட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பந்தலே திரும்பியது. அவர்தான் பந்தியிலிருந்து எழுந்துவந்து, தன் கையாலேயே செட்டை அணைத்தார். "வா, சாப்புடலாம்" என்றார். காது ரெண்டும் சிவந்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "நீ சும்மா இருக்கமாட்டியா? நீ ஒவ்வொருத்தர்ட்டயும் மல்லுக்கு நிக்க நிக்க எம் புள்ளைக்குத் தல நிமிர முடியல."

"நா உங்க புள்ளைக்காகத்தான் அத்தை சண்ட போடுறேன்!"

"அவனுக்காகவா போடுற? நீ ஜெயிக்கப் போடுற."

சுருக்கென்றது. பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

புரட்டாசியில் குறுவை அறுத்தோம். அறுத்த அன்றே தூறல். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் போகாமல் எடுக்கமாட்டார்கள். எங்களுக்கு முன்னால் வரிசையாகக் குவியல்கள். நிலையத்தை ஒட்டிய தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு எல்லோரும் நெல்லைப் பரப்பியிருந்தார்கள். வெயில் வந்தால் காலால் தள்ளிக்கொண்டே நடந்து நெல்லைக் கிளறிவிட வேண்டும். மேகம் கருத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாயை மூட வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு நானும் போயிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், நல்ல வெயில், ரோடு முழுக்க நாற்பது பேர் நெல்லில் நடந்துகொண்டிருந்தோம்.

அப்போது ஒரு டிராக்டர்க்காரத் தம்பி அவரை அடையாளம் கண்டுகொண்டார். "அண்ணே, நீங்களா!" என்று பாசத்தில் வண்டியிலிருந்த ஸ்பீக்கரில் ஆல்பத்தைப் போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். அந்தக் குரல் ரோட்டில் பரவியது.

எங்களுக்கு அடுத்த குவியலில் நெல் கிளறிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், வெளியூர்க்காரர், கூலிக்கு வந்தவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். நின்று ஒரு நிமிஷம் கேட்டார். "யாருய்யா இவன், மூக்கடைச்சவன் மாதிரி பாடுறான்? நிறுத்துப்பா, தூக்கமா வருது" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து அவர் குரல்.

"அது நான்தாங்க்கா. நீங்க சொல்றது சரி. நல்லா இல்ல."

அந்த அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்யோ தம்பி! ஆளு தெரியாம உளறிட்டேன். தப்பா எடுத்துக்காத. கேக்கக் கேக்கத்தான் புடிக்குமோ என்னமோ..."

"இல்லக்கா. நானே நானூறு தடவ கேட்டுட்டேன். புடிக்கல."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். "பாடும்போதே தெரிஞ்சுதுங்க. சென்னைல, குரலத் தொறக்காதீங்க, காதுக்குள்ள சொல்ற மாதிரி பாடுங்கன்னாங்க. எனக்கு இது வரலன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இவ்வளவு பேரு வோட்டுப் போட்டு அனுப்பிருக்காங்க, கெடச்சத விட்டுட்டு வந்து நின்னா என்ன சொல்லுவாங்களோன்னு பயம். சென்னைக்காரங்க மேல தப்பில்ல. பயந்தது நான்தான்" என்றார். எங்களுக்கு வோட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த ரோட்டில்தான் நின்றார்கள். இரண்டாம் பரிசு வாங்கி மாலையோடு வந்து இறங்கினாரே, அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை.

"அப்ப உனக்கு வர்ற மாதிரி ஒண்ணு பாடு தம்பி, கேப்போம்" என்றார் அந்த அக்கா.

பாடினார். பழைய சாமி பாட்டு ஒன்று. எட்டு மாதம் பூட்டிக்கிடந்த தொண்டை, முதல் வரியிலேயே உடைந்தது. நிறுத்தினார், இருமினார், மறுபடி எடுத்தார். யாரும் வேலையை நிறுத்தவில்லை, வெயில் காத்திருக்குமா? ஆனால் நாற்பது பேரின் கால்களும் அந்தப் பாட்டின் வேகத்துக்கே நெல்லைத் தள்ளிக்கொண்டு போயின.

அதன் பிறகு டீ வந்தது. குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"என்னங்க, ஒண்ணு சொல்லட்டா? எனக்கும் அது புடிக்கலங்க. மொத நாள்லேருந்தே புடிக்கல."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஊரு மரியாதைக்குச் சொல்லும், அத நான் நம்பல. ஆனா நீ பொய் சொல்ல மாட்டியே. நான் ஒரு இழுப்பு தப்புனாலும் கையோட சொல்றவ, நீயே சூப்பரா இருக்குன்னுட்ட. எனக்கு நல்லா இல்ல, உனக்கு நல்லா இருக்கு. அப்ப எங் காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். காது கெட்டவன் எத நம்பி வாயத் தொறக்குறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! ஊர் முழுக்க அவருக்காகச் சண்டை போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வாயைக் கட்டிப்போட்டது நான் சொன்ன ஒரு பொய். அங்கேயே, நெல்லில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆறு பாட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து மேய்ந்தேன். எங்கே மூச்சு திணறுகிறது, எங்கே சொல்லை விழுங்குகிறார், எந்தப் பாட்டில் யாரையோ காப்பியடிக்கிறார், ஒன்று விடவில்லை. அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். பரிசு அறிவித்த மேடையில்கூட அப்படிச் சந்தோஷமாக நின்றவர் இல்லை. அஞ்சாவதுதான் இருப்பதிலேயே மோசம் என்றேன். நாலாவது என்றார். அதற்கு ஒரு சண்டை.

வெயில் சாய்வதற்குள் இன்னொரு தரம் கிளறிவிட வேண்டியிருந்தது. எழுந்தோம். அவர் முன்னால், நான் பின்னால், நெல்லைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். யாரும் கேட்காமலேயே அவர் அடுத்த பாட்டை ஆரம்பித்தார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. ஊரையே கூப்பிட்டு, 'பாருங்கள், இவர் என் வீட்டுக்காரர்' என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் இரண்டாவது வரியில் சுதி லேசாக இறங்கியிருந்தது.

"இறங்குதுங்க" என்றேன்.

"இறங்குதா?"

"ஆமாங்க, நல்லாவே இறங்குது."

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்றிப் பாடினார்.