பொறகு வாறேன், நானா

கண்டியில் ட்ரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் போன்ற மின்னணு உதிரிப்பாகங்கள் விற்கும் கடைக்குப் போன மாதம் போனேன். கண்ணாடி அலுமாரி முழுக்கப் போன் கவர்கள்! வீட்டில் பொழுதுபோக்காக அம்ப்ளிபயர் செய்து பார்க்கும் என்னைப் போன்றவர்களைக் கடைக்காரர் நடுத்தெருவில் விட்டுவிட்டாரே என்று ஆத்திரம் பொங்கியது.

"எங்களக் கைவிட்டுட்டீங்களே, நானா!" என்றேன்.

கடைக்கார நானா நிதானமாகச் சொன்னார்: "கருகின சாமானக் கொண்டு வருவீங்க. அதுக்குப் பொருந்துறத நான் தேடி எடுத்துக் காட்டுவேன். நம்பரப் போட்டோ எடுத்துக்கிட்டு, 'பொறகு வாறேன், நானா' என்டு போவீங்க. எத்தன தரம் திரும்பி வந்தீங்க, தம்பி?"

எல்லாவற்றையும் ஒன்லைனில்தான் வாங்கினேன். அப்படி வந்த ட்ரான்சிஸ்டர் ஒன்று போலியா என்று அவரிடம் கேட்கத்தான் அன்றும் போயிருந்தேன்.

அதைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.