முன்வரிசைக் கூண்டுகளில் காற்று இல்லை

“சித்திரை 4, வியாழன். பிற்பகல் 4.10. மச்சினன் போன் செய்தான். கேரளா போன லோடில் கோழிகள் செத்துவிட்டன. டிரைவர் வாளையார் எல்லையில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டான் என்கிறான்.”

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதும்போதே எனக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். போனில் மச்சினன் சொன்ன முதல் வாக்கியம் அது: “முன்னாடி பக்கம் பூராவும் போச்சுங்க மாமா, பின்னாடி அவ்வளவா இல்ல.”

அந்தக் குறிப்பேடு கோழிகளுக்காக வைத்திருந்ததல்ல. கார் பந்தயத்துக்காக வைத்திருந்தது. டெல்லிக்குப் பக்கத்தில் உலகப் பந்தயம் நடந்த 2011 முதல் ஒவ்வொரு பந்தயத்தையும் தேதி போட்டு எழுதி வருகிறேன். இங்கே மூன்று வருடத்தோடு அது நின்றுபோனது. நான் நிற்கவில்லை. பழைய வரலாற்றையும் தேடிப் படித்தேன். எந்த வருடம் எந்த விதி வந்தது, எந்தக் கருவி எந்த விபத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்டது என்று என்னைக் கேட்டால் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். அரசு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோடு கோணினாலும் தேதி தவறினாலும் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் இதைக் கேட்க ஆள் இல்லை. கேட்ட ஒரே ஆள் என் மனைவியின் தம்பி. அவனுக்கு இரண்டு லாரிகள். மோகனூர் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை ஏற்றிக் கேரளாவுக்குக் கொண்டுபோவது தொழில்.

மாசி மாதத்தில் ஒரு லாரியின் கேபினுக்கு மேலே காற்றுத் தடுப்பு வைக்க ஆசைப்பட்டான். டீசலும் மிச்சமாகும், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்றான். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போனான். அங்கே செய்து வைத்திருந்தவை தட்டையான பைபர் பலகைகள். சாய்த்து வைத்து, நடுவில் இரண்டு சந்து விட்டிருந்தார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு பேப்பர் வாங்கி அங்கேயே வரைந்தேன். கேபின் விளிம்பிலிருந்து வளைந்து எழும்பி, கூண்டுகளின் உச்சி வரைக்கும் போய், இரண்டு பக்கமும் மூடி, சந்து எதுவும் இல்லாமல்.

பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் பென்சில், சட்டைப்பையில் அளவு டேப். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“சார், இது கோழி வண்டிங்க. சிமெண்ட் மூட்டை இல்ல. கோழிக்குக் காத்து வேணுமில்லீங்க?”

“காத்து மேல ஏறிப் போயி பின்னாடி இறங்கும்” என்றேன். “இது இன்னைக்கு நேத்துக் கண்டுபிடிச்சது இல்ல. 1968-லயே பந்தயக் காருக்கு இறக்கை வச்சுட்டாங்க.”

“அறுபத்தெட்டுல கோழியா ஏத்துனாங்க?”

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மச்சினனும் சிரித்தான். அதன்பின் நான் பேசியது விளக்கம் அல்ல, பழிவாங்கல். உயரமான கம்பிகளில் இறக்கைகள் வைத்தது, அடுத்த வருடமே அவை முறிந்து விழுந்ததும் தடை வந்தது, 1978-இல் பின்புறம் பெரிய விசிறி வைத்து அடிக்காற்றை உறிஞ்சித் தரையோடு ஒட்டி ஓடிய ஒரு கார், 1983-இல் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று வந்த விதி, கடைசியில் 2022-இல் கலைந்த காற்றைப் பின்னால் வருகிற காரின் தலைக்கு மேலே தூக்கி எறிய வேண்டும் என்று மாற்றிய வடிவம். ஒவ்வொன்றையும் வருடத்தோடு சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

“சரிங்க அறுபத்தெட்டு. நீங்க சொன்ன மாதிரியே போட்டுர்றேன்.”

அந்தப் பெயர் பட்டறையில் ஒட்டிக்கொண்டது.

தெரியாமல் செய்த தப்பு என்றால் இதை எழுதவே வேண்டாம். பந்தய வண்டியில் காற்றுக்கு இரண்டு வேலை. ஒன்று காரைத் தரையோடு அழுத்துவது, மற்றொன்று இன்ஜினைக் குளிரவைப்பது. முன்னால் போகிற காரை ஒட்டிப் பின்னால் ஓடினால், நல்ல காற்று கிடைக்காமல் இன்ஜின் சூடாகிவிடும். வெயில் அதிகமான ஊர்களில், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று காரின் உடலில் கூடுதல் திறப்புகள் வெட்டுவார்கள். இதையெல்லாம் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். 1978 காரின் விசிறி இன்ஜினைக் குளிரவைக்கத்தான் என்று அதன் சொந்தக்காரர்கள் சாதித்ததையும், நமட்டுச் சிரிப்போடு ஓரத்தில் குறித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேப்பரில் வளைவு போடும்போது கோழி என்பது எனக்கு வெறும் பாரம்.

மாசியிலும் பங்குனியிலும் ஒன்றும் நடக்கவில்லை. லோடுகள் பொழுது சாய்ந்துதான் கிளம்பும். சித்திரை 4 அன்று பண்ணையில் ஆள் வராமல் ஏற்றுவது தாமதமாகி, காலை பத்து மணிக்குக் கிளம்பியது. தடுப்பு வைத்த பிறகு அந்த வண்டி வெயிலில் போனது அன்றுதான்.

மறுநாள் மச்சினன் வீட்டு வாசலில் டிரைவர் வந்து நின்றார். மல்லசமுத்திரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், ஆறு வருடமாக அந்த வண்டிதான். நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன்.

“போட்டோவப் பாருங்க” என்று செல்போனை நீட்டினார். “கேபின ஒட்டி இருக்கற வரிசைங்க மட்டுந்தான் செத்திருக்கு. நான் ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தா நடுவுல, பின்னாடி எல்லாமும்ல செத்திருக்கணும்?”

“வாளையாருல உன்ற வண்டி ஒரு மணி நேரம் டீக்கடை முன்னால நின்னதப் பாத்தேன்னு ஆளு சொல்றான். நீ இல்லீங்கற” என்றான் மச்சினன்.

“நின்னேனுங்க. பத்து நிமிஷம். ஒரு டீ, ஒண்ணுக்குப் போனேன், அவ்வளவுதான்.”

“பத்து நிமிஷத்துல இத்தன உசுரு போகுமா?”

“அதத்தானுங்க நானும் கேக்கறேன்.”

அதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. மச்சினன் என்னைப் பார்த்தான். நான் செய்தித்தாளை மடித்தேன். லாரியின் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று மட்டும் சொன்னேன். தடுப்பு மாட்டும்போது கேபின் கூரையில் இருந்த அதன் வயரைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை என்று அன்று மாலைதான் தெரிந்தது. அன்றைக்கே டிரைவரிடமிருந்து மச்சினன் சாவியை வாங்கிவிட்டான். லாரிக்காரர்கள் கூடும் லாரி செட்டில் இந்தச் செய்தி எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கோழியைக் கொன்றவன் என்று பெயர். வேறு யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்த்தேன். பாதியில் ஒரு ஓட்டுநருக்கு வானொலியில் அவருடைய இன்ஜினியர் சொன்னார்: முன் காரின் பின்னால் ஒட்டாதே, ஓரமாக விலகிக் காற்று வாங்கு, சூடு ஏறுகிறது. நான் டி.வி.யை அணைத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, “என்ன, இன்னிக்கி சீக்கிரமே முடிஞ்சிருச்சா?” என்றாள். குறிப்பேட்டில் அந்தப் பந்தயத்தின் முடிவு எழுதப்படவில்லை. பதினான்கு வருடத்தில் விடுபட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பின்னும் எட்டு நாள் பேசாமல் இருந்தேன். ஏன் என்று கேட்டால் நியாயமான பதில் இல்லை. பட்டறைக்காரரின் சிரிப்பை நினைத்துத்தான்.

பிறகு ராசிபுரத்தில் ஒரு தறிக்கூடத்திலிருந்து சிவப்புக் கழிவு நூல் வாங்கிவந்தேன். பந்தயத்திலும் முன்பு இப்படித்தான் செய்வார்கள். காரின் மேல் துண்டுத் துண்டாக நூல் ஒட்டி ஓடவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார்கள். இப்போது ஒளிரும் சாயம் பூசுகிறார்கள். காலிக் கூண்டுகளோடு பண்ணைக்குப் போகிற ஒரு காலையில், என்னத்துக்கு என்று சொல்லாமல், பக்கவாட்டில் கூண்டுக்கு ஒரு சாண் நூல் கட்டினேன். புது டிரைவர், “நேர்த்திக்கடனுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பரமத்தி சாலையில் வண்டி வேகம் எடுத்ததும் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே போனேன். பின்பாதிக் கூண்டுகளில் நூல்கள் விறைத்துப் பின்னோக்கிப் பறந்தன. கேபினை ஒட்டிய வரிசைகளில் அவை தொங்கின. சில கேபின் பக்கமாக மெல்லத் திரும்பி, அங்கேயே சுழன்றன. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரியில், அந்த இடம் மட்டும் பூட்டிய அறை மாதிரி இருந்தது. தடுப்பு நான் வரைந்தபடி துல்லியமாக வேலை செய்தது.

அன்றே மச்சினனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான்.

“இப்ப எதுக்குங்க மாமா இத எடுத்துட்டு வாரீங்க?”

“அந்த ஆளு மேல தப்பு இல்ல.”

“ஊரு பூராம் அவன் நிறுத்துனான்னு சொல்லியாச்சு. இனி எங்க மாமா வரைஞ்ச படந்தான் கொன்னுச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“சொல்லு.”

“சொல்லிட்டு அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? நீங்க நோட்டுல எழுதுவீங்க, மூடி வச்சிருவீங்க. நானு லாரி செட்டுல நிக்கோணும்.” எழுந்து கை கழுவப் போனவன் திரும்பி நின்று, “அன்னைக்கு அவன் வாசல்ல நின்னப்ப நீங்க உள்ளதானுங்க இருந்தீங்க” என்றான்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவது விசேஷ வீடுகளில் மட்டும். ஆனால் அந்த வாரமே தடுப்பைக் கழற்ற வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினான். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

“வாங்க அறுபத்தெட்டு” என்றார் பட்டறைக்காரர். “நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“உங்க படத்த வச்சு சிமெண்ட் வண்டிக்கு நாலு போட்டேன். அருமையா ஓடுது. மூட்டைக்கு மூச்சு வேண்டாம் பாருங்க.” சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. “அந்த டிரைவர் பாவமுங்க. இங்க வந்து ரெண்டு நாள் உக்காந்திருந்தான், வெல்டிங் உதவிக்காவது சேத்துக்கங்கன்னு. எனக்குத் தெரியும், தடுப்புதான்னு. ஆனா நான் வாயத் தொறந்தா என்ற பட்டறையில போட்டதுன்னு வருமில்ல? அதுனால நானும் மூடிக்கிட்டேன். நீங்களும் நானும் ஒண்ணுதான் சார். நீங்க கொஞ்சம் அதிகமாப் படிச்சிருக்கீங்க.”

அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்காது. அவர் சொன்னதில் மாற்ற ஒரு சொல் இல்லை.

டிரைவரைத் தேடி மல்லசமுத்திரம் போனது வைகாசி 6. வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பழைய மொபெட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படம், பட்டறை, நூல். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“நான் போட்டோ காட்டுனப்பவே?”

“அதுக்கு முன்னாடியே.”

கொஞ்ச நேரம் ஸ்பேனரின் கிரீஸைத் துணியில் துடைத்தார். “திருச்செங்கோட்டுல ஒருத்தரு வண்டி தர்றேங்கறார். ஆனா கோழி விஷயம் என்னாச்சுன்னு கேக்கறாருங்க. நீங்க கவர்மெண்டுல இருந்தவரு. நான் ஒரு மணி நேரம் நிறுத்தல, பத்து நிமிஷந்தான் நின்னேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது போதும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

பையிலிருந்து பேப்பர் எடுத்தேன். காற்றுத் தடுப்பை வரைந்தது நான் என்று எழுதினேன். முன்வரிசைக் கூண்டுகளில் காற்று போகவில்லை என்பதை நூல் கட்டிச் சோதித்த தேதியோடு எழுதினேன். கோழிகள் செத்ததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன் என்றும் எழுதினேன். கீழே கடைசி வரி: “வாளையாரில் பத்து நிமிடம் மட்டுமே நின்றதாக ஓட்டுநர் சொல்கிறார், இதை நான் நேரில் பார்க்கவில்லை.” கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இது எதுக்குங்க?”

“நான் அங்க இல்லையே. பார்க்காதத எப்படி எழுதறது?”

“கோழிக்குக் காத்து போகுமா போகாதான்னு பாக்காமயே படம் போட்டீங்களே.”

அந்த வரியை அடித்துவிடத்தான் பேனாவைத் திறந்தேன். கை போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பேப்பரை நான்காக மடித்து என் சட்டைப்பையில் அவரே செருகினார்.

“கிளம்புங்க. வெயில் ஏறுது.”

திருச்செங்கோட்டு வண்டி அவருக்குக் கிடைக்கவில்லை என்று பட்டறைக்காரர் சொன்னார். அந்தப் பேப்பர் குறிப்பேட்டில், முடிவு எழுதாமல் விட்ட பந்தயத்தின் பக்கத்தில் இருக்கிறது. வாளையாரில் லாரியைப் பார்த்ததாகச் சொன்ன ஆள் யார் என்று மச்சினன் இதுவரை சொல்லவில்லை. டீக்கடைக்காரரை நேரில் போய்க் கேட்டேன். தினமும் நூறு லாரி நிற்கிறது என்று கையை விரித்தார். சித்திரை 4 அன்று அந்த வண்டி அங்கே பத்து நிமிடம் நின்றதா, ஒரு மணி நேரம் நின்றதா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.